மம்மிப் படங்களும் ஐதராபாத் இளவரசியும்

ஐதராபாத்தில் வாழும் தமிழ்க் குடும்பத்தார், ஊரிலிருந்து விருந்தினர் வந்தால் சார்மினாருக்கும் கோல்கொண்டாக் கோட்டைக்கும் சாலார்ஜங் அருங்காட்சியகத்துக்கும் அழைத்துச் செல்வது வழக்கம். சட்டமன்றத்தை அடுத்துள்ள பொதுத்தோட்டத்தில் அமைந்த மாநில அருங்காட்சியகம் அந்த வரிசையில் சற்றுப் பின்தங்கியே நிற்கிறது. ஆயினும் விருந்தினரோடு சிறுவர்களும் வந்திருந்தால் அங்கே போகாமல் தீராது. எகிப்து நாட்டு மம்மி ஒன்று அங்கே இருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் தமக்கையின் குடும்பத்தாரோடு நானும் அங்கே சென்றிருந்தேன். அவருடைய பத்து வயது மகன் கண்ணாடிப் பேழையின் முன் நெடுநேரம் நின்றான். பிறகு, "மாமா, இது எப்போது எழுந்திருக்கும்?" என்று கேட்டான். "எழுந்திருக்காது" என்றேன். அவன் முகத்தில் தோன்றியது ஆறுதலன்று, ஏமாற்றம். "இவ்வளவு சின்னதாக இருக்கிறதே! பயமே இல்லை" என்றான். மலிவான பேய்ப்படம் ஒன்றைப் பார்த்துவிட்டுக் கொட்டகையிலிருந்து வெளியே வருவோர் கூறும் தீர்ப்பும் இதுவே. படத்துக்கு உரிய அபிப்பிராயத்தை ஒரு பெண்ணின் உடலுக்குச் சூட்டும் பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது? அதைப் பற்றியே இன்று சிறிது பேச விரும்புகிறேன்.

அந்தப் பெண்ணின் பெயர் நைஷு என்பர். எகிப்திய அரச குலத்து இளவரசி என்றும், இறந்தபோது பருவம் எய்திய இளம்பெண் என்றும், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட உடல் என்றும் சொல்லப்படுகிறது. ஆறாம் நிஜாம் மகபூப் அலிகானின் மருமகனாகிய நசீர் நவாஸ் ஜங், 1920 ஆம் ஆண்டையொட்டி ஆயிரம் பவுன் கொடுத்து இதனை வாங்கினார். ஏழாம் நிஜாம் உஸ்மான் அலிகானுக்கு அது பரிசாகச் சென்றது. அவர் 1930 இல் அருங்காட்சியகத்துக்கு வழங்கினார். விலைக்கு வாங்கப்பட்டு, பரிசாகக் கொடுக்கப்பட்டு, நன்கொடையாக அளிக்கப்பட்ட இளவரசி!

சொற்களோடு நாள்தோறும் மல்லுக்கட்டும் தொழில் என்னுடையது. ஆகவே 'மம்மி' என்னும் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. நிலக்கீலைக் குறிக்கும் 'மூமியா' என்னும் பாரசீக, அரபு வழக்கிலிருந்து அது பிறந்தது. கறுத்துப்போன அவ்வுடல்களில் நிலக்கீல் பூசியிருப்பதாகப் பிறர் எண்ணியதால் வந்த பெயர். அது மருந்துப் பொருளின் பெயருமாகும். ஐரோப்பியர் பல நூற்றாண்டுகள் மம்மியைப் பொடி செய்து மருந்தாக உண்டனர். ஓவியர்கள் அதனை அரைத்துப் பழுப்பு வண்ணம் ஆக்கினர். மருந்தென்று விழுங்கிய காலத்தில் மம்மியைக் கண்டு எவரும் நடுங்கியதாகத் தெரியவில்லை. நடுக்கம் பின்னர் வந்தது.

அது பெருகிய காலத்தையும் ஓரளவு திட்டமாகவே சொல்லலாம். 1922 நவம்பரில் ஹோவர்டு கார்ட்டர், துத்தன்காமன் என்னும் இளம் மன்னனின் கல்லறையைக் கண்டுபிடித்தார். அப்பணிக்குப் பொருளுதவி செய்த கார்னர்வன் பிரபு, செய்தி வெளியிடும் தனியுரிமையை இலண்டன் 'டைம்ஸ்' பத்திரிகைக்கு விற்றுவிட்டார். ஏனைய பத்திரிகைகளின் நிருபர்கள் கல்லறை வாயிலில் காத்துக் கிடந்தனர். எழுதுவதற்குச் செய்தி இல்லை. 1923 ஏப்ரல் 5 ஆம் நாள் கார்னர்வன், கொசுக்கடி சீழ்ப்பிடித்து நோயுற்றுக் கெய்ரோவில் இறந்தார். வெறுங்கையோடு நின்ற நிருபர்களுக்குச் சாபம் என்னும் செய்தி கிடைத்தது. கல்லறையை முதலில் திறந்த கார்ட்டரோ 1939 வரை வாழ்ந்தார்! அக்காலத்தில் எகிப்திலிருந்த 44 மேல்நாட்டாரின் ஆயுளைக் கணக்கிட்டு, அவர்களுள் கல்லறையோடு தொடர்புற்ற 25 பேர் மற்றவரினும் விரைவில் இறக்கவில்லை என்று 2002 இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. பொய் புறப்பட்டு எண்பது ஆண்டுகள் கழிந்த பின்னரே இக்கணக்கு வந்தது.

கல்லறைத் திறப்பைப் பற்றிப் பத்திரிகைக்கு எழுதிய நிருபர்களுள் ஜான் பால்டர்ஸ்டன் என்பவரும் ஒருவர். 1932 இல் யூனிவர்சல் நிறுவனத்தார் 'தி மம்மி' என்னும் படம் எடுத்தபோது திரைக்கதை எழுதியவர் அவரே. செய்தியில் விதைத்ததைத் திரையில் அறுவடை செய்தார்கள் என்று சொல்லலாம். எனினும் அப்படம் மட்டமானதன்று. போரிஸ் கார்லாஃபுக்குத் துணி சுற்றி ஒப்பனை செய்ய எட்டு மணி நேரம் ஆயிற்றாம். அக்கோலத்தில் அவர் திரையில் தோன்றுவது சில கணங்களே. ஓர் இளைஞன் பழஞ்சுவடியை முணுமுணுத்துப் படிக்கிறான், பின்னால் மம்மியின் கண் மெல்லத் திறக்கிறது, கை சரிகிறது. அது நடந்து செல்வதை நாம் காண்பதில்லை. வாசலைக் கடந்து இழுபட்டுப் போகும் துணிநுனியை மட்டுமே காண்கிறோம். இளைஞன் சித்தம் கலங்கிச் சிரிக்கிறான். படம் மெதுவாகப் போகிறது என்று குறை கூறுவோர் இன்றும் உண்டு. அவர்களும் அந்தத் துணிநுனியை மறந்ததில்லை.

அடுத்து வந்தவையே சிக்கனப் படங்கள். 1940 இல் அதே நிறுவனம் 'தி மம்மீஸ் ஹேண்ட்' என்னும் படத்தை ஏறத்தாழ எண்பதாயிரம் டாலரில் முடித்தது. பழைய கதையைக் கூறும் பகுதிக்கு 1932 ஆம் ஆண்டுப் படத்தின் காட்சிகளையே வெட்டி ஒட்டினார்கள். இசையும் முந்தைய படம் ஒன்றிலிருந்து எடுத்ததே. இதில் வரும் காரிஸ் என்னும் மம்மி, இலைக்கஷாயம் குடித்து உயிர்வாழ்வது. ஒரு காலை இழுத்து இழுத்து நடப்பது. இவ்வளவு மெதுவாக வரும் பூதத்திடமிருந்து வேகமாக நடந்தாலே தப்பிவிடலாமே, ஏன் ஒருவரும் நடப்பதில்லை என்பதுதான் பார்த்தோர் தலைமுறை தலைமுறையாகக் கேட்கும் கேள்வி. 1944 இல் வந்த ஒரு படத்தில் மம்மி மாசசூசெட்ஸ் மாநிலச் சதுப்பில் மூழ்கிற்று. அதே ஆண்டு வந்த அடுத்த படத்தில், நெடுந்தொலைவிலுள்ள லூசியானா மாநிலச் சதுப்பிலிருந்து எழுந்தது. இதைக் கண்டு நகையாடியவர்களை நான் குறைகூற மாட்டேன். காசு கொடுத்தவர்க்குச் சிரிக்கும் உரிமையாவது வேண்டுமன்றோ?

நம் நாட்டிலும் குறைந்த செலவில் பேய்ப்படம் எடுத்துப் பேர்பெற்றவர்கள் ராம்சே சகோதரர்கள். 1972 இல் 'தோ கஜ் ஜமீன் கே நீச்சே' என்னும் இந்திப் படத்தை மகாபலேசுவரத்தில் தங்கி, சுமார் நாற்பது நாளில், சில இலட்சம் ரூபாயில் எடுத்து முடித்தார்கள்.

நகைப்பு படத்தோடு நின்றிருந்தால் கேடில்லை. காலை இழுக்கும் காரிஸையே மம்மி என்று மனத்தில் பதித்துக்கொண்டு அருங்காட்சியகத்துக்கு வருகிறோம். பேழைக்குள் கிடப்பவரோ எவரையும் துரத்தியவர் அல்லர். அவரை இழந்தவர்கள் பல நாள் முயன்று, உப்பிட்டு உலர்த்தி, பிசின் பூசி, முழம் முழமாகத் துணி சுற்றி அனுப்பிய பெண். அந்நாட்டார் இப்பணியில் எவ்வளவு கருத்தாக இருந்தனர் என்பதற்கு ஒரு சான்று: கி.மு. 1213 இல் மறைந்த இரண்டாம் ராம்சேஸ் மன்னனின் நாசியில் மிளகு இருந்தது. மிளகு தென்னிந்தியாவின் விளைபொருள். கடல் கடந்து போன நம் சரக்கு, ஓர் அரசனின் இறுதிச் சடங்கில் இடம்பெற்றது.

எகிப்தியரைப் பற்றி அமெரிக்கர் கதை கட்டினார்கள் என்று நாம் பெருமை பேசவும் வழியில்லை. தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில் 1876 இல் ஜாகர் என்னும் ஜெர்மானியரும், 1899 முதல் அலெக்சாந்தர் ரீயும் அகழ்ந்தபோது தாழி தாழியாக எலும்புகள் கிடைத்தன. நம் பாட்டிமார் அத்தாழிகளைப் பற்றி என்ன சொன்னார்கள்? முன்காலத்தில் கிழவர்களுக்குச் சாவே வராதாம். வயது ஏற ஏறச் சுருங்கிக் குழந்தையளவு ஆவார்களாம். உயிரோடு தாழியில் வைத்து, உணவும் விளக்கும் வைத்து மூடிவிடுவார்களாம். இதைக் கேட்டு நான் பல இரவுகள் தூங்கியதில்லை. இறந்தோரை அன்போடு அடக்கம் செய்த வழக்கத்தை, உயிரோடு புதைத்த கொடுமையாக மாற்றிவிட்டது ஒரு கதை. அதற்குத் திரையும் வேண்டியிருக்கவில்லை, எண்பதாயிரம் டாலரும் வேண்டியிருக்கவில்லை. 2023 இல் ஆதிச்சநல்லூரில் அகழ்ந்த இடத்திலேயே கண்ணாடித் தளம் இட்டுக் காட்சிக்கூடம் திறந்திருக்கிறார்கள். விடுமுறையில் திருநெல்வேலிப் பக்கம் செல்லும் நேயர்கள் குழந்தைகளோடு அங்கே போய் வரலாம். தாழிக்கதையை நிதானமாகத் திருத்திச் சொல்ல அதைவிட நல்ல இடம் இல்லை.

இந்தியாவில் மம்மிகள் சிலவே உள. ஜெய்ப்பூரில் ஆல்பர்ட் ஹால் அருங்காட்சியகத்தில் உள்ளதன் பெயர் தூத்து, அதுவும் பெண்ணே. 2020 ஆகஸ்டில் பெருமழை பெய்து அக்கட்டடத்தில் வெள்ளம் புகுந்தது. தண்ணீர் ஏறுவதைக் கண்ட ஊழியர்கள் பேழையின் கண்ணாடியை உடைத்து, தூத்துவை வெளியே எடுத்துப் பத்திரமான இடத்தில் சேர்த்தனர்.

இந்த நிகழ்ச்சியை என் தமக்கை மகனுக்கு வீடு திரும்பும் வழியில் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் வந்தவன், "அவள் நனைந்துவிட்டாளா?" என்று கேட்டான். நனையவில்லை என்றேன்.