ஐ.ஆர். 20 நெல்லின் பூர்வீகம்

கிருஷ்ணகிரி அணைப் பாசனத்திலும், ஓசூர்ப் பக்கம் ஏரியடியிலும் கிணற்றடியிலும் நெல் நடுகிற நீங்க ஐ.ஆர். 20 என்ற பேரைக் கேட்டிருப்பீங்க. "அது வெளிநாட்டு நெல்லுதானே?" என்பீங்க. அது பாதிதான் சரி.

1965-66-ல் மழை பொய்த்தது. வெளிநாட்டுக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்து நாடு காத்திருந்த காலம். 1966-ல் பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஐ.ஆர். 8 நெல்லை வெளியிட்டது. இந்தோனேசியாவின் உயர்ந்த பீட்டா நெல்லையும் தைவானின் குட்டை நெல்லையும் ஒட்டுச் சேர்த்து உண்டாக்கினது அது. நம்ம பழைய ரகங்களுக்கு உரம் கூடினால் பயிர் உசந்து சாய்ந்துவிடும். குட்டை நெல் சாயாது; போட்ட உரம் மணியாகும்.

ஆனாலும் குறை இருந்தது. அரிசி மோட்டா; ஆறினால் சோறு விறைத்துவிடும். பாக்டீரியா இலைக்கருகலும் தாக்கியது. 1969-ல் வந்த ஐ.ஆர். 20 இந்தக் குறைகளைக் குறைத்தது. அரிசி சன்னம். தண்டுத் துளைப்பானையும் இலைக்கருகலையும் ஓரளவு தாங்கியது.

அந்தத் தாங்கும் குணம் எங்கிருந்து வந்தது? திருவள்ளூர் பக்கத்துத் திரூர்க்குப்பம் ஆராய்ச்சி நிலையத்தின் டி.கே.எம். 6 நெல்லிலிருந்து! கோவையில் தேர்ந்தெடுத்த ஜி.ஈ.பி. 24, அதாவது நம்ம கிச்சிலிச் சம்பாவும், கோ 18-ம் சேர்ந்து பிறந்தது அது. நம்ம விதை கடல் தாண்டிப் போய், குட்டை நெல்லோடு சேர்ந்து, திரும்ப நம்ம வயலுக்கே வந்தது.

கதை அங்கே முடியலை. ஐ.ஆர். 20-ஐப் புகையான் தாக்கியது. 1976-ல் வந்த ஐ.ஆர். 36 புகையானைத் தாங்கியது. அந்த எதிர்ப்புக்குக் கேரளத்துப் பட்டாம்பி நெல் உதவியது. கூடவே உத்தரப் பிரதேசத்துக் காட்டு நெல்லும் வேறொரு நோயைத் தடுக்கச் சேர்ந்தது. ஒருத்தரும் திரும்பிப் பார்க்காத காட்டு நெல் பல நாடுகளின் பயிரைக் காத்தது, பாருங்க!

இதில் நமக்குப் பாடம் என்ன? எந்த ரகமும் நிரந்தரமில்லை. புது ரகம் வந்தால் முழு வயலிலும் போட்டுவிடாதீங்க. முதலில் ஒரு பாத்தியில் போட்டுப் பாருங்க. காவேரிப்பட்டணம் அருகே பையூர் ஆராய்ச்சி நிலையத்தில் நம்ம மண்ணுக்கு ஏற்றதைக் கேளுங்க. தாத்தா காலத்து நெல் வீட்டில் இருந்தால், அதை அழிய விடாதீங்க. வருஷம் ஒரு மூலையிலாவது விதைத்து எடுத்து வையுங்க. ஆலைகள் பெருகி நிலம் சுருங்குகிற நம்ம பகுதியில், நாளைய நெல்லுக்கு வேண்டிய குணம் அந்தக் குதிருக்குள்ளேயே இருக்கலாம்.