பக்கவாத்தியம்

தாம்பரம் விமானப்படைத் தளத்துக்காரர்கள் சிலர் என் கவுண்டருக்கு வருவதுண்டு. கையெழுத்துப் போட்டு, நோட்டை எண்ணி, அதிகம் பேசாமல் போய்விடுவார்கள். டெல்லி கணேஷும் 1964 முதல் 1974 வரை விமானப்படையில் இருந்தவர்தான். டெல்லியில் தட்சிண பாரத நாடக சபாவில் நடித்துப் பழகியவரை ‘பட்டினப் பிரவேசம்’ (1977) படத்துக்குக் கொண்டுவந்தவர் பாலசந்தர். 2024 நவம்பரில் காலமாகும்வரை நானூறுக்கும் மேற்பட்ட படங்கள். சின்னத்திரைத் தொடர்கள் வேறு. எண்ணிக்கை கிடக்கட்டும்.

‘மைக்கேல் மதன காமராஜன்’ (1990) படத்தில் சாம்பாரில் மீன் விழுந்துவிடுகிறது. பாலக்காட்டு மணி ஐயராக வரும் அவர் அங்கே சிரிப்புக் காட்டுவதில்லை. சமையற்காரனின் மானம் போகிற பயம் மட்டுமே அவரிடம். நாம்தான் சிரிக்கிறோம்.

வேஷம் மாற்றுவதையே பன்முகம் என்று எழுதி வந்திருக்கிறோம், நான் உட்பட. இவர் ஏறக்குறைய ஒரே உருவத்தில் வந்தவர்; மாறியதெல்லாம் எதிராளி பேசுவதை அவர் கேட்கும் விதம். ‘சிந்து பைரவி’யில் (1985) குடிப்பழக்கத்தால் கச்சேரியிலிருந்து விலக்கப்படும் மிருதங்கக்காரர் அவர். பின்னால் அந்தப் பாடகரே குடிக்கத் தொடங்கும்போது எனக்கு இவர் முகம்தான் நினைவுக்கு வந்தது. சுகாசினிக்கும் இளையராஜாவுக்கும் சித்ராவுக்கும் அந்தப் படம் தேசிய விருது வாங்கித் தந்தது. மிருதங்கக்காரரைப் பற்றி நம் பத்திரிகைகளில் ஒரு பத்தி படித்ததாக எனக்கு ஞாபகமில்லை.