மலிவுக் கருவியும் பகிர்ந்த அறிவும்: மொன்றியலின் வான் ஒளிப்பட வரலாறு

இன்று மொன்றியலில் பழைய டிஜிட்டல் கமரா ஒன்றும் 70 மில்லிமீட்டர் தொலைநோக்கி ஒன்றும் கையில் இருந்தால், ஓரியன் நெபுலாவை வீட்டுப் பல்கனியில் இருந்தே வண்ணத்தில் படமெடுத்துவிடலாம். அரை நூற்றாண்டுக்கு முன் பெரிய ஆய்வகங்கள் பாடுபட்டு எடுத்துக் காட்டிய காட்சி அது. இந்த மாற்றத்துக்குக் காரணம் கேட்டால், கருவிகளின் விலை சரிந்ததைத்தான் பலரும் சொல்வார்கள். விலை சரிந்தது உண்மை. ஆனால் சரிந்த விலை சாதாரண மக்களுக்குப் பயன்பட்டதற்கு வேறொரு காரணம் உண்டு. தமக்குத் தெரிந்ததை ஒளிக்காமல் சொல்லிக்கொடுத்த வானியல் ஆர்வலர்களின் பழக்கமே அது. சம்பளம் வாங்காமல், பட்டம் எதிர்பாராமல் அவர்கள் சேர்த்துவைத்த அறிவு இல்லாவிட்டால், மலிவான கருவி மூலையில் தூசி படிந்து கிடந்திருக்கும். மொன்றியலின் நூறாண்டு வானியல் வரலாறு இதற்கு நல்ல சான்று.

கனடா அரச வானியல் கழகத்தின் மொன்றியல் கிளை 1918இல் தொடங்கியது. அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, எல்லைக்கு அப்பால் அமெரிக்காவின் வேர்மொண்ட் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்ட் ஊரில், ரஸல் போர்ட்டர் என்பவர் ஆலைத் தொழிலாளர்களுக்குத் தொலைநோக்கிக் கண்ணாடி தேய்க்கக் கற்றுக்கொடுத்தார். இரண்டு தடித்த கண்ணாடி வட்டுகளுக்கு நடுவில் கார்போரண்டம் பொடியும் தண்ணீரும் இட்டு, ஒன்றன்மேல் ஒன்றை மணிக்கணக்கில் தேய்த்தால், மேலுள்ளது குழியும், கீழுள்ளது புடைக்கும். அந்தக் குழிவு சரியாக அமைந்ததா என்பதைச் சவர அலகு ஒன்றையும் சிறு விளக்கு ஒன்றையும் வைத்தே சோதிக்கலாம். 1925இல் 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' இதழ் இந்தச் செய்தியை வெளியிட்டதும், வட அமெரிக்கா எங்கும் வீட்டு நிலவறைகளில் கண்ணாடி தேய்க்கும் சத்தம் கேட்கத் தொடங்கியது. கடையில் வாங்க முடியாத கருவியைக் கையால் செய்துகொள்ள ஒரு வழி பிறந்தது.

கருவி கிடைத்தால் போதுமா? அதை எங்கே திருப்புவது, எதைப் பார்ப்பது, பார்த்ததை எப்படிக் குறித்துவைப்பது என்று யாராவது சொல்லித்தர வேண்டும். மொன்றியலில் அந்த வேலையை முன்னின்று செய்தவர் இஸபெல் வில்லியம்சன். வானியலை அவர் தொழிலாகக் கொண்டவர் அல்லர். ஆனாலும் 1946 ஒக்டோபரில் ஜியாக்கோபினிட் எரிகற்கள் பொழிந்தபோது கிளை உறுப்பினர்களை முறையாக அணிவகுத்து எண்ணவைத்தார். மெஸ்ஸியே பட்டியலில் உள்ள விண்மீன் கொத்துகளையும் நெபுலாக்களையும் விண்மீன் மண்டலங்களையும் ஒவ்வொன்றாகத் தேடிப் பார்ப்பதற்கென்றே ஒரு குழுவையும் அமைத்தார். இந்தக் கிளையில் வளர்ந்தவர்களில் ஒருவர் டேவிட் லீவி. 1948இல் மொன்றியலில் பிறந்த அவருக்கு 1960இல் கிடைத்த முதல் தொலைநோக்கி, மூன்றரை அங்குலக் கண்ணாடி கொண்ட மலிவான ஒன்று. அதற்கு 'எக்கோ' என்று பெயரிட்டிருந்தார்.

படச்சுருள் காலத்தில் வானைப் படமெடுப்பது உடலை வருத்தும் வேலை. மங்கிய ஒளியில் நேரம் ஆக ஆகச் சுருளின் உணர்திறன் மந்தமாகிவிடும். எனவே ஒரே படத்துக்கு ஒரு மணி நேரம்கூடக் கமராவைத் திறந்து வைக்க வேண்டியிருந்தது. அவ்வளவு நேரமும், குறுக்குக் கம்பி பதித்த கண்வில்லையில் ஒரு வழிகாட்டி விண்மீனைப் பார்த்தபடி, அது கம்பியை விட்டு விலகாமல் கையாலேயே தொலைநோக்கியைத் திருத்திக்கொண்டிருக்க வேண்டும். மொன்றியல் மாரியில் வெப்பநிலை மைனஸ் 20க்கும் கீழே போகும். தாங்கியின் கிரீஸ் உறையும், கண்வில்லையில் மூச்சுக்காற்று பனியாகப் படியும். கால் இடறி முக்காலியைத் தட்டிவிட்டால் அந்த இரவே வீண். சுருளுக்கும் செலவு உண்டு. 1993 மார்ச்சில் அமெரிக்காவின் பாலோமர் மலையில் லீவியும் அவரோடு சேர்ந்து வானைத் தேடிய ஷூமேக்கர் தம்பதியரும் படமெடுத்தபோது வானில் மேகம் கலைந்து கலைந்து கூடியது. நல்ல சுருளை வீணாக்க ஜீன் ஷூமேக்கர் தயங்கினார். யாரோ தவறுதலாகத் திறந்து ஓரத்தில் ஒளி பட்டுக் கெட்டுப்போன சுருள்கள் இருந்தன. அவற்றைப் பயன்படுத்தலாம் என்றார் லீவி. ஷூமேக்கர்-லீவி 9 வால்வெள்ளி பதிந்தது அந்தச் சுருள்களில்தான். மறு ஆண்டு ஜூலையில் அது துண்டு துண்டாக வியாழன்மீது மோதியதை உலகமே பார்த்தது.

இங்கே ஒரு மறுப்பு எழும். இதையெல்லாம் மாற்றியது தொழில்நுட்பம்தானே, சங்கங்களுக்கு அதில் என்ன பங்கு என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது, அதற்கான சான்றும் மொன்றியலிலேயே இருக்கிறது. கியூபெக்கில் வளர்ந்து, மொன்றியலின் மக்கில் பல்கலைக்கழகத்தில் 1950இல் முனைவர் பட்டம் பெற்ற வில்லார்ட் பாயில், 1969இல் பெல் ஆய்வகத்தில் ஜோர்ஜ் ஸ்மித்துடன் சேர்ந்து சிசிடி என்னும் ஒளி உணரியை உருவாக்கினார். 2009இல் இருவருக்கும் அதற்காக இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. தன்மேல் விழும் ஒளியில் நூற்றில் ஓரிரு பங்கையே படச்சுருள் பதியும். நல்ல சிசிடி பாதிக்கு மேல் பிடித்துவிடும். ஆனால் கண்டுபிடிப்பு நடந்து இருபது ஆண்டுகள் வரை அது பெரிய ஆய்வகங்களின் சொத்தாகவே இருந்தது. 1994இல் ரிச்சர்ட் பெரியும் நண்பர்களும் சிசிடி கமராவை வீட்டில் செய்யும் முறையைப் புத்தகமாக எழுதினார்கள். பிறகு ஆர்வலர்கள், கணினி வழியாகப் பேசப் பயன்பட்ட மலிவு வெப்கமின் வில்லையைக் கழற்றிவிட்டுத் தொலைநோக்கியில் பொருத்தினார்கள். அதன் படங்களைச் சேர்க்க நெதர்லாந்து ஆர்வலர் ஒருவர் எழுதிய 'ரெஜிஸ்டாக்ஸ்' மென்பொருள் இலவசமாகவே கிடைத்தது. உணரியைத் தந்தது ஆய்வகம். அதைப் பொதுமக்களின் கைக்குக் கொண்டுவந்தவர்கள் இந்த ஆர்வலர்கள்.

அவர்கள் விட்டுச்சென்ற இரண்டு உத்திகளைப் பார்த்தாலே இது விளங்கும். வானம் ஒரு நொடிக்கு 15 வில்விநாடி நகர்வதால், அசையாத தொலைநோக்கியில் விண்மீன்கள் கோடுகளாக இழுபடும். இதைத் தவிர்க்க ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த ஹெய்க் என்பவர் 1970களில் சொன்ன வழி: இரண்டு பலகை, ஒரு கீல், ஒரு திருகாணி. கீலைத் துருவ விண்மீனை நோக்கி வைத்து, கீலிலிருந்து 29 சென்டிமீட்டரில் அங்குலத்துக்கு 20 புரி கொண்ட திருகாணியைப் பொருத்தி, நிமிடத்துக்கு ஒரு சுற்று திருப்பினால் மேற்பலகை வானோடு சேர்ந்து நகரும். சிறு வில்லை பூட்டிய கமராவுக்கு இது போதும். மொன்றியலில் துருவ விண்மீன் 45 பாகைக்குச் சற்று மேலே நிற்பதால் கீலை அதன் பக்கம் திருப்புவது எளிது. யாழ்ப்பாணத்தில் அது 10 பாகைக்கும் கீழே, பனைகளுக்குப் பின்னால் போய்விடும். இரண்டாவது உத்தி, ஒரு நீண்ட படத்துக்குப் பதில் பல குறுகிய படங்களை எடுத்து அடுக்குவது. நூறு படங்களை அடுக்கினால் இரைச்சல் பத்தில் ஒரு பங்காகக் குறையும். விலையுயர்ந்த தாங்கி செய்யும் வேலையில் பாதியைப் பொறுமையும் இலவச மென்பொருளும் செய்துவிடுகின்றன. அன்று வாட்டிய குளிரும் இன்று துணைக்கு வருகிறது: உணரி 6 பாகை குளிர்ந்தால் அதன் வெப்ப இரைச்சல் ஏறக்குறைய பாதியாகும்.

மற்றொரு மறுப்பு இன்றைய காலத்துக்குரியது. சில நூறு டொலருக்குக் கிடைக்கும் தானியங்கித் தொலைநோக்கி, பொத்தானை அழுத்தியதும் இலக்கைத் தேடி, படங்களை அடுக்கிக் கைபேசியில் காட்டிவிடுகிறது. இனிச் சங்கம் எதற்கு? அந்தத் தொலைநோக்கியின் உள்ளே இயங்குவதும் ஆர்வலர்கள் பல ஆண்டுகள் பழகிச் செம்மைப்படுத்திய அதே அடுக்கும் முறைதான். அதைவிட முக்கியமான ஒன்று உண்டு: இருட்டு. நகர ஒளியில் சில நெபுலாக்களை வடிகட்டி கொண்டு மீட்கலாம். விண்மீன் மண்டலங்களின் ஒளி எல்லா நிறங்களிலும் பரவியிருப்பதால், அவற்றை வடிகட்டியால் காப்பாற்ற முடியாது. இருட்டை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. ஊர் கூடித்தான் உண்டாக்க வேண்டும். மொன்றியலுக்குக் கிழக்கே ஏறத்தாழ 190 கிலோமீட்டரில் உள்ள மெகாண்டிக் மலையில் 1978இல் 1.6 மீட்டர் தொலைநோக்கி அமைந்தது. சுற்றியிருந்த ஊர்களின் வெளிச்சம் பெருகி வானம் வெளுத்தபோது, அறிவியலாளர்களும் நகராட்சிகளும் மக்களும் கூடிப் பேசி, விளக்குகளை மூடியிட்டவையாக மாற்றி, ஒளிவிதிகளை இயற்றினார்கள். 2007இல் மெகாண்டிக் மலைப் பகுதி உலகின் முதல் சர்வதேச இருள்வான் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. ஆய்வகத்துக்காகக் காக்கப்பட்ட அந்த இருட்டு, சின்னக் கமராவோடு வருபவருக்கும் அதே அளவு பயன்படுகிறது.

குறைந்த செலவில் வானைப் படமெடுக்க விரும்புபவர் விலைப் பட்டியலைப் பார்க்கும் முன், தம் ஊர் வானியல் கழகத்தின் கூட்ட நாளை விசாரிக்கட்டும். பழைய கருவி, அதை இயக்கத் தெரிந்த கை, தவறைத் திருத்தும் கண் ஆகிய மூன்றும் அங்கே கிடைக்கும். கற்றதை அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். தம் தெருவிளக்குக்கு மூடி போடச் சொல்லி நகராட்சிக்கு ஒரு கடிதமும் எழுதட்டும்.