கணினி மொழிக்கும் பூசாரிகள் இருந்தார்கள்

"கம்ப்யூட்டருக்குச் சாதி தெரியாது. நன்றாக கோடு எழுதினால் போதும், உன்னை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்." தருமபுரி மாவட்டத்துக் காலனிப் பிள்ளைகளுக்கு நாங்கள் நடத்தும் மாலை வகுப்பில் இதைச் சொல்லாத விருந்தினர் இல்லை. நாங்களும் இதை நம்பித்தான் சொல்லி வந்தோம். ஆனால் எங்கள் வகுப்பில் படித்து, பெங்களூருக்கு நேர்முகத் தேர்வுக்குப் போன மாணவி ஒருவர் திரும்பி வந்து சொன்ன கதை வேறு. பைத்தான் பற்றி இரண்டே கேள்விகள். பிறகு, "தருமபுரியா? எந்தப் பக்கம்? அப்பா என்ன பண்றார்?" என்று தமிழிலேயே கேட்டிருக்கிறார் அந்த அதிகாரி. அடுத்த விண்ணப்பத்தில் அந்த மாணவி தன் முகவரியிலிருந்து 'காலனி' என்ற சொல்லை எடுத்துவிட்டார்.

கணினிக்குச் சாதி தெரியாது என்பது சரி. கணினித் துறைக்கும் தெரியாதா? அதன் வரலாற்றையே கேட்போம்.

1950களின் தொடக்கத்தில் கணினியோடு பேச வேண்டுமானால் எண்களாலும் குறியீடுகளாலும்தான் பேச வேண்டும். அது தெரிந்தவர்கள் மிகச் சிலர். அன்றைய நிரலாளர்கள் தங்களை ஒரு பூசாரிக் கூட்டமாகவே கருதிக்கொண்டார்கள், சாதாரண மனிதர்களுக்கு எட்டாத ரகசியத்தைக் காப்பதாக நினைத்தார்கள் என்று ஐபிஎம் நிறுவனத்தின் ஜான் பேக்கஸ் பின்னாளில் எழுதினார். அவரும் அவர்களில் ஒருவர்தான். மந்திரம் தெரிந்தவன் உள்ளே, மற்றவன் வெளியே என்ற ஏற்பாடு நமக்குப் புதிதா என்ன?

பேக்கஸின் குழு 1957இல் ஃபோர்ட்ரான் மொழியை வெளியிட்டது. கணித வாய்பாடு எழுதுவதுபோலவே கணினிக்குக் கட்டளை எழுதலாம் என்றாயிற்று. கிரேஸ் ஹாப்பர் என்ற பெண், ஆங்கிலச் சொற்களிலேயே கணினிக்குக் கட்டளையிடலாம் என்றபோது, கணினிக்கு ஆங்கிலம் புரியாது என்று மறுத்தார்கள். அவர் விடவில்லை. அவருடைய உழைப்பின் தொடர்ச்சியாகத்தான் 1960இல் கோபால் மொழி வந்தது. 1964இல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் கெமனியும் கர்ட்ஸும், அறிவியல் படிக்காத மாணவர்களும் நிரல் எழுத வேண்டும் என்றே பேசிக் மொழியை உருவாக்கினார்கள். தமிழ்ச் சொற்களில் நிரல் எழுத முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் மொழியும் இந்த வரிசையில் வருவதுதான்.

புதிய மொழிகளை எதிர்த்தவர்கள் சொன்ன காரணம் என்ன தெரியுமா? இப்படி எழுதும் நிரல் கையால் எழுதியதுபோல் திறமையாக இருக்காது என்றார்கள். கதவு திறக்கும்போதெல்லாம் திறமை கெட்டுவிடும் என்று ஒரு குரல் எழும். இட ஒதுக்கீட்டின்போது நாம் கேட்ட அதே குரல்.

இந்தியாவுக்கு வருவோம். ஐஐடி கான்பூருக்கு 1963இல் கணினி வந்தது. சென்னை ஐஐடியில் 1973இல் ஐபிஎம் 370 என்ற பெரிய கணினி நிறுவப்பட்டது. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு ஐஐடிகளில் இட ஒதுக்கீடு தொடங்கியதும் அதே 1973இல்தான். நம் பிள்ளைகளுக்கு அந்தக் கதவு திறப்பதற்குள் முதல் பத்தாண்டு முடிந்திருந்தது. அந்தத் தலைமுறையில் படித்து அமெரிக்கா போனவர்கள் தங்கள் வெற்றிக்கு 'தகுதி' என்று பெயர் வைத்தார்கள்.

2020 ஜூன் மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஜார்ஜ் ஃபிளாய்டு கொல்லப்பட்ட பிறகு, நிரலாளர் உலகம் தன் சொற்களைத் திருத்த முன்வந்தது. 'மாஸ்டர்', 'ஸ்லேவ்' என்ற சொற்களை பைத்தான் 2018லேயே நீக்கத் தொடங்கியிருந்தது. இப்போது கிட்ஹப் நிறுவனமும் 'மாஸ்டர்' என்ற சொல்லைக் கைவிடுவதாக அறிவித்தது. அக்டோபரிலிருந்து புதிய களஞ்சியங்களில் 'மெயின்' வந்துவிட்டது. வரவேற்கிறோம். சொல் வலிக்கும் என்று நமக்குத் தெரியும். நம் மக்களின் பெயரையே எடுத்து 'பரையா' என்று விலக்கப்பட்டவனைக் குறிக்கும் சொல்லாக்கி வைத்திருப்பதும் அதே ஆங்கிலம்தான்.

அதே ஜூன் 30 அன்று, கலிஃபோர்னியா அரசுத் துறை ஒன்று சிஸ்கோ நிறுவனத்தின் மீது சாதிப் பாகுபாட்டு வழக்குத் தொடுத்தது. ஒரு தலித் பொறியாளர் இட ஒதுக்கீட்டில் ஐஐடியில் சேர்ந்தவர் என்பதை மேலதிகாரி சக ஊழியர்களிடம் சொன்னார், புகார் செய்தபோது சாதிப் பாகுபாடு சட்டவிரோதமல்ல என்று நிறுவனம் கூறியது என்பவை குற்றச்சாட்டுகள். நிறுவனம் மறுத்தது. இரண்டு அதிகாரிகள் மீதான வழக்கு 2023இல் கைவிடப்பட்டது, நிறுவனத்தின் மீதான வழக்கு தொடர்ந்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. கலிஃபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை அக்டோபரில் ஆளுநர் நியூசம் நிராகரித்தார். ஒரு சொல்லை மாற்ற நான்கு மாதம் போதுமாக இருந்தது. சாதியின் பெயரைச் சட்டத்தில் எழுத மட்டும் கை வரவில்லை.

நம் மாவட்டத்திலும் கதவு தானாகத் திறக்கவில்லை. 2007இல் பொறியியல் நுழைவுத் தேர்வு ஒழிந்தது. 2011இல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் கைக்கு மடிக்கணினி வந்தது. அடுத்த ஆண்டே, 2012 நவம்பர் 7 அன்று, நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகள் எரிக்கப்பட்டன. பெங்களூரில் உழைத்துச் சேர்த்த பொருளோடு பிள்ளைகளின் சான்றிதழ்களும் எரிந்தன. நாம் முன்னேறுவதுதான் அவர்கள் கண்ணை உறுத்தியது.

இப்போது மாலை வகுப்பில் நாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்வதை மாற்றிவிட்டோம். கோடு நன்றாக எழுதுங்கள். கூடவே இந்த வரலாற்றையும் படியுங்கள். பூசாரிகள் தாங்களாக வழிவிட்டதில்லை, பூட்டை உடைத்துத்தான் மற்றவர்கள் உள்ளே போயிருக்கிறார்கள். "எந்தப் பக்கம்?" என்று கேட்டால், அந்தக் கேள்விக்கும் வேலைக்கும் என்ன தொடர்பு என்று திருப்பிக் கேளுங்கள். கேட்டதால் வேலை போனால், நாங்கள் உடன் நிற்போம்.

அந்த மாணவி இப்போது ஒரு நிறுவனத்தில் வேலையில் இருக்கிறார். தன் முகவரியில் 'காலனி'யைத் திரும்பச் சேர்ப்பதா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்யட்டும். அதை அவர் பயமில்லாமல் முடிவு செய்யும் நிலையை உண்டாக்குவது நம் வேலை.

ஜெய்பீம்.