மயிலாப்பூர் கற்ற பாடமும் மின்கலத் தொழிலும்

1906-ஆம் வருஷம் அக்டோபர் 22-ஆம் தேதி சென்னையின் ஆர்பத்நாட் கம்பெனி என்ற வங்கி முறிந்தபோது, பெண்ணின் கலியாணத்துக்கும் பிள்ளையின் படிப்புக்குமென்று அங்கே பணம் போட்டிருந்த குடும்பங்கள் பல நிராதரவாயின. கணக்கைப் பாராமல் பெயரின் கௌரவத்தையே நம்பியதன் விளைவு அது. ஆயினும் மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணஸ்வாமி ஐயர் முதலியோர் மனம் தளராமல் பங்குதாரர்களைத் திரட்டி, 1907 ஆகஸ்டு 15-இல் இந்தியன் வங்கியைத் தொடங்கி, இந்நகரத்தின் விசுவாசத்தை மீட்டனர்.

அந்தப் பாடம் இன்று மின்கலத் தொழிலில் பணம் போடுவோருக்கும் பொருந்தும். அத்தொழிலுக்கும் நம் நாட்டில் பூர்வ சரித்திரம் உண்டு. லாபம் கருதாமல் அழகப்ப செட்டியார் நல்கிய 15 லட்ச ரூபாயாலும் 300 ஏக்கர் நிலத்தாலும், 1953-இல் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பட்டது. அதன் சென்னைப் பிரிவு அடையாற்றுக்கு அடுத்த தரமணியில் இருக்கிறது.

மெல்லிய தாமிர, அலுமினியத் தகடுகளில் ரசாயனக் குழம்பைச் சீராகப் பூசி, உலர்த்தி, ஈரம் அணுகாத அறையில் அடைத்து, ஆராய்ச்சிசாலையில் சில மின்கலங்கள் செய்வது வேறு; பழுதின்றி லட்சக்கணக்கில் செய்வது வேறு. அந்த இடைவெளியில்தான் முதலீட்டாளரின் பணம் நிற்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மின்கல ஆலை நிறுவிய ஓலா எலெக்ட்ரிக், 2024 ஆகஸ்டில் பங்கு ஒன்றை 76 ரூபாய்க்கு வெளியிட்டபோதும் முதலீட்டாளர் முன் நின்றது இந்த இடைவெளியை அளக்கும் பரீட்சைதான். கழிவு எவ்வளவு, வாங்குவோர் யார், கடன் எத்தனை என்று விசாரித்துப் பணம் போடுவதே 1906 நமக்குப் புகட்டிய விவேகம்.