வஞ்சியூரும் நாகர்கோவிலும்: அரசுத் தரப்பின் இரண்டு மேசைகள்

பழவங்காடி கணபதிக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வஞ்சியூர் நீதிமன்ற வளாகத்துக்கு ஆட்டோ ஏறுகிறவர்கள் திருவனந்தபுரத்தில் எப்போதும் உண்டு. கொலையுண்டவரின் அண்ணன், நகை பறிகொடுத்தவர், சாட்சி சம்மன் கிடைத்துப் பதறிப்போன பக்கத்து வீட்டுக்காரர் என்று பலவகை மனிதர்கள். அவர்கள் போய்ச் சேரும் நேரத்தில் அரசு வழக்கறிஞர் கோர்ட்டுக்குள் நின்று வாதாடிக்கொண்டிருப்பார். "கேஸ் இன்னிக்கு எடுப்பாங்களா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல ஆபீஸில் இருப்பவர் மூத்த உதவியாளர். தம்பானூரில் பஸ் ஏறினால் எழுபது கிலோமீட்டருக்குள் வந்துவிடும் நாகர்கோவிலில், அதே கேள்விக்கு அதே வேலையில் இருக்கும் இன்னொருவர் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்.

இந்த இரண்டு மேசைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வரலாறே இடம் தருகிறது. 1956 நவம்பர் 1 வரை அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர்–கொச்சியைச் சேர்ந்தவை. நாகர்கோவிலின் மேல்முறையீடுகளும் அப்போது எர்ணாகுளத்து உயர்நீதிமன்றத்துக்குத்தான் போயின. இன்று திருவனந்தபுரத்தின் வழக்குக் கட்டுகள் வடக்கே கொச்சிக்கும், நாகர்கோவிலின் கட்டுகள் 2004 ஜூலையில் தொடங்கிய மதுரைக் கிளைக்கும் பயணப்படுகின்றன. சட்டம் ஒன்றே, எல்லைக்கோடு மட்டும் நடுவில் வந்தது.

இரண்டு ஊர்களிலும் பி.பி. என்று அழைக்கப்படும் அரசு வழக்கறிஞர் நிலையானவர் அல்லர். மாஜிஸ்திரேட் நீதிமன்றங்களில் வழக்கு நடத்தும் உதவி அரசு வழக்கறிஞர்கள் தேர்வாணையம் வழியாக வரும் நிரந்தரப் பணியாளர்கள். செஷன்ஸ் நீதிமன்றத்து அரசு வழக்கறிஞரோ வழக்கறிஞர்கள் கூட்டத்திலிருந்து குறிப்பிட்ட காலத்துக்கு நியமிக்கப்படுகிறார். உதவி அரசு வழக்கறிஞர் பணியிலிருந்து பப்ளிக் பிராசிகியூட்டர் வரை தொடர்ந்து உயரும் பணிவரிசை கேரளத்தில் இல்லை என்பதைக் கே.ஜே. ஜான் வழக்கில் 1990-இல் உச்சநீதிமன்றமே ஒப்புக்கொண்டது. ஆட்சி மாறினால் அந்த நாற்காலியும் மாறுகிறது. கேரளத்தில் 2011-இலும் 2016-இலும், தமிழ்நாட்டில் 2011-இலும் 2021-இலும் ஆட்சி கைமாறியதை நினைத்துக்கொண்டால், ஒரே கொலை வழக்கு இரண்டு மூன்று பி.பி.க்களின் கையில் தவழ்ந்து வருவது எப்படி என்று புரியும்.

என் பார்வையில் இந்த ஒப்பீட்டின் மையம் இதுதான். அதிகாரம் வழக்கறிஞரிடம் இருக்கிறது, வழக்கின் ஞாபகம் உதவியாளரிடம் இருக்கிறது. ஐந்தாவது சாட்சி கல்ஃபுக்குப் போய்விட்டார், பதினோராவது சாட்சி பயந்துபோயிருக்கிறார், ரசாயனப் பரிசோதனை அறிக்கை இன்னும் வரவில்லை, விசாரணை அதிகாரி ஓய்வுபெற்று வேறு மாவட்டத்தில் இருக்கிறார். கட்டில் பாதிதான் எழுதப்பட்டிருக்கும் இந்தச் செய்திகளைப் புதிதாக வரும் பி.பி.க்கு முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுப்பவர் அவர்தான். அவர் சொல்லத் தவறினால் அடுத்த வாய்தாவில் வழக்கு தடுமாறும்.

காகித நடைமுறையில் இரண்டு ஊர்களும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். சென்னை மாகாணத்தில் உருவான டாட்டன்ஹாம் முறையின் சாயல் இரு மாநில அரசு அலுவலகங்களிலும் உண்டு. தபால் வரும், எண் போடப்படும், தன்பதிவேட்டில் ஏறும். ஆனால் வழக்கு எண்ணில் வழி பிரிகிறது. செஷன்ஸுக்கு அனுப்பப்படுமுன் மாஜிஸ்திரேட்டிடம் இருக்கும் கொலை வழக்கு கேரளத்தில் சி.பி., தமிழ்நாட்டில் பி.ஆர்.சி. வஞ்சியூரில் ஜாமீன் மனு கிரிமினல் எம்.சி., நாகர்கோவிலில் கிரிமினல் எம்.பி. கேரளத்தில் 1982-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறை விதிகள், தமிழ்நாட்டில் 2019-இல் வந்தவை. புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறைக்கு வந்த 2024 ஜூலை 1 முதல் இரண்டு மேசைகளிலும் ஒரே பாரம் ஏறியது. பழைய வழக்கு பிரிவு 302, புதிய வழக்கு பிரிவு 103. இரண்டுமே கொலைதான், ஒரே அலமாரியில்தான் இருக்கின்றன. நாள்குறிப்பில் பிரிவு எண் மாறிப்போனால் சம்மனும் தப்பாகப் போகும்.

மொழிதான் பெரிய வேறுபாடு. நாகர்கோவிலில் முதல் தகவல் அறிக்கை, சாட்சிகளின் வாக்குமூலம், கோர்ட்டில் பதியும் சாட்சியம் என்று பெரும்பகுதி தமிழில் இருக்கிறது. புகார்தாரர் வந்தால் உதவியாளர் கட்டைத் திறந்து, "நீங்க சொன்னது இப்படித்தான் பதிவாகியிருக்கு" என்று காட்ட முடியும். வஞ்சியூரில் போலீஸ் எழுதுவது மலையாளம், செஷன்ஸ் தீர்ப்பு பெரும்பாலும் ஆங்கிலம். அங்குள்ள உதவியாளர் தீர்ப்பின் கடைசிப் பக்கத்தைப் படித்து, அழுதுகொண்டிருக்கும் தாய்க்கு, விடுதலையா தண்டனையா, ஏன் என்று வாய்மொழியாக விளக்க வேண்டியிருக்கிறது. அவருடைய பணிப்பட்டியலில் இல்லாத வேலை இது. மனிதர்களை மதிக்கும் நீதி அமைப்புக்கு இதைவிட முக்கியமான வேலை அந்த ஆபீஸில் இல்லை என்பேன்.

எல்லை ஓரத்து வழக்குகளில் இந்த இரண்டு உலகங்களும் ஒரே கட்டுக்குள் வந்துவிடுகின்றன. 2022 அக்டோபரில் பாறசாலையைச் சேர்ந்த கல்லூரி மாணவர் ஒருவர், கன்னியாகுமரி மாவட்டத்தில் இருந்த காதலியின் வீட்டில் குடித்த கஷாயத்தில் களைக்கொல்லி கலந்திருந்தது. அவர் இறந்ததோ திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில். செயல் ஓரிடம், விளைவு வேறிடம் என்றால் இரண்டு இடத்து நீதிமன்றங்களும் விசாரிக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. ஆனாலும் விசாரணை எல்லை எது என்ற வாதம் எழாமல் இல்லை. நெய்யாற்றின்கரை கூடுதல் செஷன்ஸ் நீதிமன்றம் 2025 ஜனவரி 20 அன்று அந்தக் காதலிக்கு மரண தண்டனை விதித்தது. சம்பவ வீடு ஒரு மாநிலத்திலும் மருத்துவப் பதிவுகள் இன்னொரு மாநிலத்திலும் இருக்கும் இப்படிப்பட்ட வழக்கில், எந்தச் சான்று எந்த ஆபீஸிலிருந்து வர வேண்டும் என்று பட்டியல் போட்டுத் துரத்திப் பிடிக்க ஒருவர் வேண்டும். தீர்ப்பில் அவர் பெயர் வராது.

சான்றுப் பொருள் விஷயத்தில் திருவனந்தபுரத்துக்குக் கசப்பான பாடம் ஒன்று உண்டு. 1990-இல் விமான நிலையத்தில் ஹாஷிஷுடன் பிடிபட்ட ஆஸ்திரேலியர் ஒருவருக்கு செஷன்ஸ் நீதிமன்றம் பத்தாண்டு தண்டனை கொடுத்தது. போதைப்பொருளை மறைத்து வைத்ததாகச் சொல்லப்பட்ட உள்ளாடை அவருக்குப் பொருந்தாத அளவில் இருந்ததால் உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. கோர்ட்டில் சான்றுப் பொருட்களை வைக்கும் தொண்டி அறையிலிருந்து வெளியே போய்த் திரும்பும் இடைவெளியில் அந்தத் துணி மாற்றப்பட்டது என்ற குற்றச்சாட்டில் தனி வழக்கே எழுந்தது. அந்த வழக்கைத் தொடர்ந்து நடத்தலாம் என்று 2024 நவம்பரில் உச்சநீதிமன்றம் உத்தரவிட்டபோது 34 ஆண்டுகள் கடந்திருந்தன. தொண்டி அறை கோர்ட்டின் பொறுப்பு, பி.பி. ஆபீஸின் பொறுப்பல்ல. இருந்தாலும் எந்தப் பொருள் எந்தத் தேதியில் எங்கே போனது என்று தன் பக்கமும் ஒரு குறிப்பு வைத்திருக்கும் உதவியாளர் இருந்தால், அப்படி ஒரு மாற்றம் நடந்தாலும் சீக்கிரம் கண்ணில் படும். இரண்டு ஊர்களிலும் இந்தப் பழக்கம் கட்டாயமாக வேண்டும்.

நாட்களைக் காப்பதும் அந்த மேசைதான். விடுதலைத் தீர்ப்பை எதிர்த்து அரசு மேல்முறையீடு செய்ய 90 நாள். தீர்ப்பு நகல் வாங்கச் செலவாகும் நாட்கள் கழிக்கப்படும் என்பதால், தீர்ப்பு வந்த அன்றே நகல் மனு போடும் உதவியாளர் அரசின் உரிமையைக் காப்பாற்றுகிறார். பெரிய அளவு போதைப்பொருள் வழக்கில் 180 நாளுக்குள் புலனாய்வு முடியாவிட்டால், அவகாசம் கேட்க பி.பி.யின் அறிக்கை வேண்டும். அந்தத் தேதியைக் கோட்டைவிட்டால் கைதி ஜாமீனில் போய்விடுவார். கொச்சியானாலும் மதுரையானாலும் இந்தக் கணக்கில் வித்தியாசம் இல்லை.

சாட்சி பாதுகாப்பு பற்றியும் சொல்லியாக வேண்டும். 2018 டிசம்பரில் உச்சநீதிமன்றம் ஏற்ற சாட்சி பாதுகாப்புத் திட்டத்தின்படி, மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவின் உறுப்பினர்–செயலர் மாவட்ட அரசுத் தரப்பின் தலைவர். மிரட்டப்பட்ட சாட்சியின் மனு வந்து சேரும் இடம் அவருடைய அலுவலகம். போலீஸின் ஆபத்து மதிப்பீட்டு அறிக்கை ஐந்து வேலை நாட்களுக்குள் வர வேண்டும். அந்த மனுவை யார் பார்த்தார்கள், எங்கே வைத்தார்கள், யாரிடம் வாய்விட்டுச் சொன்னார்கள் என்பதில் ஓர் உயிர் இருக்கிறது. பணிமூப்பு மட்டும் பார்த்து உதவியாளர் மேசைக்கு ஆள் போடுவதை நான் ஏற்கமாட்டேன். ரகசியம் காப்பதிலும் பயந்தவர்களிடம் பேசுவதிலும் தனிப் பயிற்சி கொடுத்த பிறகே அமர்த்த வேண்டும்.

நாகர்கோவிலின் தாய்மொழி வசதியை வஞ்சியூருக்கு அப்படியே பெயர்த்து வைக்க முடியாது. ஆனால் சாலைக் கடைத்தெருவிலும் கோட்டைக்குள்ளும் கரமனையிலும் தலைமுறைகளாகத் தமிழ் பேசி வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியில் அரசோடு கடிதம் எழுதிக்கொள்ள 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் வழி வைத்திருக்கிறது. வஞ்சியூர் பி.பி. ஆபீஸில் தமிழ் படிக்கத் தெரிந்த ஓர் உதவியாளரும், தீர்ப்பு வந்த வாரத்திலேயே பாதிக்கப்பட்டவருக்கு மலையாளத்திலோ தமிழிலோ கொடுக்கும் ஒரு பக்கச் சுருக்கமும் இருந்தால் போதும். புதிய சட்டத் திருத்தம் எதுவும் இதற்குத் தேவையில்லை. ஓர் அலுவலக ஆணையும், அந்தச் சுருக்கத்தை எழுதித் தர நேரம் கிடைக்கும்படி இன்னொரு எழுத்தர் பணியிடமும் வேண்டும்.