லாங்லி கேட்ட கோணம்

முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்தால் 180 பாகை என்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த உண்மை. இரண்டு கோணம் தெரிந்தால் மூன்றாவதைக் கழித்து அறியலாம். ஆனால், கழித்தல் ஒன்றே எல்லா இடத்திலும் கைகொடுக்குமா? கொடுக்காது என்பதற்கு ஒரு முக்கோணம் சான்றாக நிற்கிறது. அதன் வரலாறு ஆசிரியர்கள் அறியத்தக்கது.

இங்கிலாந்தில் வடிவகணிதம் கற்பிக்கும் முறையைச் சீர்திருத்தும் நோக்கத்தோடு 1871ஆம் ஆண்டில் ஆசிரியர்கள் ஒரு சங்கம் கண்டனர். அச்சங்கத்தின் வழியில் 1894இல் பிறந்த ஏடு ‘மேத்தமெட்டிக்கல் கெசட்’. அதனைத் தோற்றுவித்து நடத்தியவர் எட்வர்டு மான் லாங்லி. பெட்ஃபோர்டு நகரில் கணக்கு ஆசிரியராக விளங்கியவர். கணித மேதைகளின் வரலாற்றை எழுதிப் புகழ்பெற்ற எரிக் டெம்பிள் பெல் இவருடைய மாணாக்கரே. 1922இல் அவ்வேட்டில் லாங்லி ஒரு கணக்கை வெளியிட்டார்.

கணக்கு இதுதான்: கசட என்னும் முக்கோணத்தில் ச, ட ஆகிய அடிக்கோணங்கள் ஒவ்வொன்றும் 80 பாகை, உச்சிக்கோணம் க 20 பாகை. ச என்னும் முனையிலிருந்து, சக பக்கத்தோடு 20 பாகை அமைய இழுத்த கோடு, கட பக்கத்தைப் ‘ப’ என்னும் புள்ளியில் வெட்டுகிறது. ட என்னும் முனையிலிருந்து, டக பக்கத்தோடு 30 பாகை அமைய இழுத்த கோடு, கச பக்கத்தைத் ‘த’ என்னும் புள்ளியில் வெட்டுகிறது. தப கோட்டை இணைத்தால், சபத கோணம் 30 பாகை என நிறுவுக.

எளிது என்று எண்ணிக் கழிக்கத் தொடங்குவோர் விரைவில் திகைப்பர். அக்கோணத்தை 25 என்று கொண்டாலும் 35 என்று கொண்டாலும், படத்திலுள்ள எல்லா முக்கோணங்களிலும் கூட்டுத்தொகை 180 ஆகவே வரும்! கூட்டலும் கழித்தலும் இங்கே வாய் திறப்பதில்லை. பக்கங்களின் நீளத்தைப் பற்றிய செய்தி ஒன்று வேண்டும்.

அச்செய்தியை 1923இல் மெர்சர் என்பவர் ஒரே கோட்டால் பெற்றார். சட அடியோடு 20 பாகை அமைய, ச முனையிலிருந்து கட பக்கத்திலுள்ள ‘ம’ வரை ஒரு கோடு வரைந்தார். இனிக் காண்க. சமட முக்கோணத்தில் ம, ட இரண்டும் 80 பாகை; ஆகவே சம = சட. சதட முக்கோணத்தில் த, ட இரண்டும் 50 பாகை; ஆகவே சத = சட. எனவே சம = சத; இடையிலுள்ள தசம கோணமோ 60 பாகை. ஆதலின் சதம ஒரு சமபக்க முக்கோணம். மேலும் சமப முக்கோணத்தில் ச, ப இரண்டும் 40 பாகை; ஆகவே மப = மச = மத. தமப கோணம், 180இல் 80ஐயும் 60ஐயும் நீக்க, 40 பாகை. ஆகவே மபத கோணம் 70 பாகை. அதில் மபச கோணமான 40 போக, எஞ்சுவது 30. நிறுவியாயிற்று.

இக்கோணங்கள் யாவும் ஒழுங்கான 18 பக்க வடிவத்தின் மூலைவிட்டங்களிடையே அமைபவை. ஒழுங்குப் பலகோணங்களின் மூலைவிட்டங்கள் எத்தனை புள்ளிகளில் வெட்டும் என்ற வினாவுக்கு 1998இல் பூனன், ரூபின்ஸ்டீன் ஆகிய இருவர் முழுவிடை வெளியிட்டனர்.

கேள்வியில் இல்லாத கோட்டை வரையலாமா என்று மாணவன் கேட்பான். கோணங்களின் கூட்டுத்தொகையை யூக்ளிட் தம் முதல் நூலின் 32ஆம் தேற்றத்தில் நிறுவியதும், முன்பு படத்தில் இல்லாத இணைகோடு ஒன்றைப் புதிதாக வரைந்தே என்று அவனுக்குக் காட்டுக. நாம் கழித்துப் பழகும் அந்த 180 பாகையே அப்படி வந்ததுதான்.